வயது போனால் அப்படித்தானா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். திருகோணமலை உப்புவெளியில் மாமியின் பராமரிப்பில் இருக்கும் 73 வயது அப்பா, அம்மா இறந்து 14 மாதமாகியும் படலையைத் தாண்டுவதில்லை. சாப்பாடு குறைந்து 6 கிலோ மெலிந்துவிட்டார். வயிறு எரிகிறது என்கிறார், வைத்தியர்களோ வயிற்றில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். விடியப்புறம் 3 மணிக்கு எழும்பி முற்றத்தில் இருக்கிறார், பெயர்களை மறக்கிறார். இது மறதி நோயா, மனச்சோர்வா, குளிசை தொடங்கினால் சாகும்வரை போடவேண்டுமா, கனடாவுக்குக் கூப்பிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "வயது போனால் அப்படித்தான் என்று மாமி சொல்கிறா, உண்மையா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் கிடக்கும் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். உண்மை இல்லை.

நான் மருத்துவ அதிகாரியாக 26 வருடம் வேலை செய்தவன். அதில் 17 வருடம் திருகோணமலை மாவட்டத்து மனநலக் கிளினிக்குகளில் போனது. மனநல நிபுணர் அல்ல, நிபுணர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியவன். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்ன வருத்தம்தான் என்று முடிவு சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. நீங்கள் எழுதியதை வைத்து எது நிச்சயம், எது சந்தேகம், எதை யாரிடம் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

வயதானவர்களில் பெரும்பாலானோர் மனச்சோர்வு இல்லாமலே வாழ்கிறார்கள். முழங்கால் நோகும், கண் மங்கும், கூட்டாளிகளின் செத்தவீடுகளுக்குப் போய்வருவார்கள், ஆனாலும் பேரப்பிள்ளையின் குரல் கேட்டால் முகம் மலரும். அந்த மலர்ச்சி கிழமைக்கணக்காக இல்லாமல் போனால் அது வயது அல்ல. இரண்டு கிழமைக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், மனம் தாழ்ந்து கிடப்பது அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, அதோடு நித்திரை, பசி, உடல்பலம், கவனம் ஆகியவை குலைவது, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று நினைப்பது, சாவைப் பற்றிய எண்ணம் வருவது: இவற்றில் பல சேர்ந்திருந்தால் அதை வருத்தம் என்றே எடுத்துப் பார்க்கவேண்டும். வயதானவர்களில் பலர் "கவலையாக இருக்கிறது" என்று சொல்வதே இல்லை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் பிடிபடுவதில்லை.

துக்கம் வேறு, இது வேறு. மனைவியை இழந்தவர் அழுவதும் தனியே இருப்பதும் நோய் அல்ல. துக்கம் அலைபோல வரும், போகும். இடையில் அம்மாவைப் பற்றிய ஒரு பகிடியைச் சொல்லிச் சிரிப்பார், அன்றைக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிடுவார். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைக்காது, போனவர் மீதான ஏக்கத்தைவிடத் தன் மீதான வெறுப்பே கூடத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு கிடையாது. ஒன்றிலிருந்து மற்றது கிளம்புவதும் உண்டு. 14 மாதம் கழித்தும் ஒரு மனிதர் மெலிந்துகொண்டே போகிறார் என்றால் துக்கம்தானே என்று விட்டுவிடக்கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வயிற்றெரிவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். எங்கள் கிளினிக்குக்கு வந்த வயதானவர்களில் "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நெஞ்சுப் பாரம், கைகால் உளைவு, தலைக்குள் ஏதோ ஓடுகிறது, வயிற்றுக்குள் நெருப்பு என்றுதான் வருவார்கள். மீன்பிடித் தொழில் செய்த ஒரு ஐயா, ஒரு வருடத்தில் ஐந்து இடத்தில் ஸ்கான் எடுத்துவிட்டு வந்தார். "நித்திரை எப்படி ஐயா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, அழத் தொடங்கினார். அந்த எரிவு நடிப்பில்லை, உண்மையாகவே எரிகிறது. மனச்சோர்வு நோவை உணரும் விதத்தையே மாற்றிவிடும். ஆகவே "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் ஒன்றுமில்லை என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதேநேரம் 6 கிலோ குறைந்ததை மனதின் கணக்கில் மட்டும் எழுதிவிடவும் கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறதி. மனச்சோர்வு உள்ளவர் தன் மறதியைத் தானே முறையிடுவார். கேள்வி கேட்டால் முயற்சி செய்யாமலே "தெரியாது" என்பார். இத்தனையாம் மாதத்திலிருந்துதான் இப்படி என்று வீட்டாரால் சொல்லமுடியும். மறதி நோய் மெல்ல மெல்ல, தொடங்கியது தெரியாமல் வரும். அவர் மறைப்பார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், வீட்டாருக்குத்தான் கவலை இருக்கும். நீங்கள் எழுதியிருப்பது முதலாவதைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் இவை படிக்கிற காலத்தில் மனதில் பதிய உதவிய அடையாளங்கள், தீர்ப்பு அல்ல. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். முதுமையில் வரும் மனச்சோர்வு சிலரில் பின்னால் வரப்போகும் மறதி நோயின் முன்னோடி என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அது காரணமா, வெறும் அறிகுறியா என்பது இன்னும் தீராத விவாதம். நடைமுறையில் செய்யவேண்டியது ஒன்றுதான்: மனச்சோர்வுக்கு முதலில் வைத்தியம் செய்து, அது தெளிந்த பிறகு நினைவாற்றலைத் திரும்பச் சோதிக்கவேண்டும். பலருக்கு நினைவு தெளிந்துவிடும். தெளிந்தாலும் வருடாவருடம் பார்த்துக்கொள்வது நல்லது.

இது யாருக்கு வருகிறது? துணையை இழந்தவர்கள், தனித்திருப்பவர்கள், முன்பு ஒரு தரம் மனச்சோர்வு வந்தவர்கள், பெண்கள், நீண்ட நாள் நோவோடு இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பவர்கள், குடிப்பவர்கள், நித்திரை கெட்டவர்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். நெஞ்சுவருத்தம், பார்க்கின்சன், சீனி வருத்தம் எல்லாவற்றோடும் இதற்கு உறவு உண்டு. உங்கள் அப்பாவுக்குச் சீனியும் பிரஷரும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதடைவதால்தான் 60க்குப் பிறகு முதன்முறையாக மனச்சோர்வு வருகிறதோ என்ற கருத்து 1997 அளவில் முன்வைக்கப்பட்டது. வலுவான கருத்துத்தான், ஆனால் கருதுகோள்தான். பிரஷரைக் கட்டுப்படுத்துவது வேறு பல காரணங்களுக்காக எப்படியும் தேவை என்பதால் இந்த விவாதம் முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

காது, கண் இரண்டையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள், அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், யாரோடும் கதைப்பதில்லை, மகன்மாரோடு எரிந்து விழுகிறார். பார்த்தால் இரண்டு காதும் அடைத்துப்போய்க் கிடந்தது. காதைச் சுத்தம் செய்து, பிறகு ஒரு காதுக்குக் கேட்கும் கருவியும் வைத்தபோது பாதி மனிதர் திரும்பி வந்தார். மீதிப் பாதிக்குக் குளிசை தேவைப்பட்டது. ஆள் கதைப்பதில்லை என்றால், ஆளுக்குக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்புரை சத்திரசிகிச்சையும் அப்படித்தான். பேப்பர் வாசிக்க முடியாமல் போன நாளிலிருந்து ஒடுங்கிப்போனவர்கள் நிறையப் பேர்.

எங்கள் ஊருக்கென்று ஒரு பாரமும் இருக்கிறது. யுத்தமும் சுனாமியுமாக 1983, 1990, 2004 மார்கழி, 2006 என்று வருடங்களை எண்ணிக்கொண்டு வாழ்ந்த தலைமுறை இது. 2006இல் சம்பூரிலிருந்து ஓடிப்போய்க் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்த ஒரு அம்மா, ஊர் திரும்பிய பிறகுதான் விழுந்துபோனா. முகாமில் தண்ணீர் எடுப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாக நின்றவ, சொந்தக் காணிக்கு வந்து கிணற்றடியைக் கண்டதும் படுத்துவிட்டா. ஓடும்போது தாங்கியது நின்றபோது விழுத்தியது. இழப்புகளும் இடப்பெயர்வும் மனச்சோர்வின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது நிச்சயம். ஆனால் ஒவ்வொருவருடைய வருத்தத்தையும் யுத்தத்தின் தலையில் கட்டிவிட்டால் தைரொயிட்டைப் பார்க்க மறந்துபோவோம். நானே அப்படி மறந்த ஒரு நாள் உண்டு. ஒரு அம்மாவின் சோர்வை மகனை இழந்த துக்கம் என்று எழுதி மூன்று மாதம் கழித்துத்தான் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைரொயிட் சுரப்பு மிகவும் குறைந்திருந்தது.

ஆகவே உங்கள் அப்பாவுக்கு முதலில் நடக்கவேண்டியது உடம்புப் பரிசோதனை. இரத்தசோகை, தைரொயிட், வைட்டமின் பி12, சீனி, சிறுநீரகம், சோடியம், ஈசிஜி. சீனிக்குத் தரும் மெற்போமின் குளிசையை வருடக்கணக்காகப் போடுபவர்களுக்கு பி12 குறைவது வழமை, ஆகவே அதைக் கேட்டு எடுப்பியுங்கள். இவ்வளவு மெலிந்திருப்பதால், வயிற்றுக்குள் வேறு ஏதும் இல்லை என்பதைச் செய்த பரிசோதனைகளின் தாள்களோடு ஒரு வைத்தியர் ஒருதரம் முழுதாகப் பார்க்கவேண்டும். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியது, அயலார் தந்தது, நாட்டுமருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி மட்டும் போதாது.

குளிசைகளுக்கு வருவோம். மிதமானதும் கடுமையானதுமான மனச்சோர்வுக்கு அவை வேலை செய்கின்றன, வயதானவர்களிலும்தான். லேசானதற்கு அவற்றின் பயன் அவ்வளவு தெளிவில்லை. அங்கே பேச்சும் நடமாட்டமும் முதலில் வரவேண்டும். பொதுவாகத் தொடங்குவது சேர்ற்றலின் போன்ற ஒன்று. பசியும் நித்திரையும் கெட்டு மெலிந்தவர்களுக்கு மேர்ட்டசப்பின் பொருந்துவது உண்டு. அப்பாவுக்கு எது என்பது பார்க்கும் வைத்தியரின் முடிவு. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் நல்ல மருந்துகள்தான், ஆனால் இந்த வயதில் சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், எழும்பும்போது தலைசுற்றி விழுதல், குழப்பம் எல்லாம் வரக்கூடும், இதயத்துக்கும் கவனம் வேண்டும். எந்த மருந்தானாலும் இளையவருக்குக் கொடுப்பதில் பாதியிலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டுவதே வழக்கம்.

அநேகமான சிகிச்சைகள் தோற்பது மருந்தால் அல்ல, முதல் பத்து நாளால். குமட்டலும் தலைப்பாரமும் முதல் நாளே வந்துவிடும், பலன் வர 2 முதல் 4 கிழமை எடுக்கும். முழுப்பலன் தெரிய 8 கிழமை, வயதானவர்களில் 12 கிழமைகூட ஆகும். "நாலு நாள் போட்டுப் பார்த்தேன் டொக்டர், சரிவரவில்லை, விட்டுட்டேன்" என்ற வசனத்தை எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அக்கரையிலிருந்து வருபவர்கள் படகுத்துறையில் காத்து நின்று கடந்து வரவேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்து வாங்கிய குளிசையை ஐந்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். காரணம், இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் முதலே சொல்லிவிடாததுதான். அதனால் உங்களுக்கு இப்போதே சொல்கிறேன்.

இரண்டு ஆபத்துகளை அறிந்திருங்கள். சேர்ற்றலின் வகை மருந்துகள் வயதானவர்களில் இரத்தத்தின் சோடியத்தைக் குறைக்கக்கூடும், விசேடமாக முதல் சில கிழமைகளில், இன்னும் விசேடமாக பிரஷருக்குச் சிறுநீரைக் கூட்டும் நீர்க்குளிசையும் போட்டால். திடீரென்று குழம்பிக் கதைத்தால், தள்ளாடினால், அளவுக்கு மிஞ்சி நித்திரை கொண்டால் மனச்சோர்வு கூடிவிட்டது என்று நினைக்காமல் உடனே காட்டி இரத்தம் பார்க்கவேண்டும். மற்றது, அஸ்பிரினோ நோக்குளிசைகளோ சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்கக்கூடாது. இவை அடிக்கடி நடப்பவை அல்ல, ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

வாழ்நாள் முழுக்கப் போடவேண்டுமா? பெரும்பாலானோருக்கு இல்லை. ஆனால் சுகமான அன்றே நிறுத்துவதும் இல்லை. நன்றாகத் தேறிய பிறகும், இந்த வயதில் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு வைத்தியரோடு கதைத்து மாதக்கணக்கில் மெல்லக் குறைக்கலாம். இரண்டு மூன்று தரம் திரும்பி வந்தவர்களுக்கு நீண்டகாலம் தேவைப்படும். இவை போதை மருந்து அல்ல, அளவைக் கூட்டக் கேட்டு மனம் அலையாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும், அதனால்தான் மெல்லக் குறைப்பது. அடிமைப்படுத்தக்கூடியது, நீங்கள் குறிப்பிட்ட அந்த நித்திரைக் குளிசை. ஒரு தனியார் இடத்தில் தந்ததை ஐந்து மாதமாகப் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வகை மருந்து மனச்சோர்வைச் சுகப்படுத்தாது, நினைவை மங்கவைக்கும், இரவில் எழும்பும்போது விழுத்தும். இடுப்பெலும்பு முறிவில் போய் முடிந்ததைக் கண்டிருக்கிறேன். பெயர்களை மறப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், அதுவும் ஆபத்து. வைத்தியரிடம் காட்டிக் குறைப்பியுங்கள்.

மிகக் கடுமையாகி, சாப்பாடு தண்ணீர் முற்றாக நின்று, அல்லது தான் பாவம் செய்தவன் என்ற பிரமையில் கிடப்பவர்களுக்கு மின்வலிப்புச் சிகிச்சை இருக்கிறது. சனம் "கரண்ட் பிடிப்பது" என்று பயப்படும். மயக்கமருந்து கொடுத்துச் செய்வது, வயதானவர்களில் நல்ல பலன் தருவது. கிட்டடி நினைவுகள் சிலகாலம் மங்கலாம். உங்கள் அப்பா அந்த நிலையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பின்னொரு நாள் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் நீங்கள் திடுக்கிடாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

மருந்தைப்போலவே, சிலருக்கு அதைவிடக் கூடுதலாக உதவுவது பேச்சும் செயலும். கோவாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். 60 வயதுக்கு மேற்பட்ட, லேசான அறிகுறிகள் மட்டும் இருந்த 181 பேர். அவர்களில் 91 பேரைப் பயிற்சி பெற்ற சாதாரண ஊர் ஆட்கள் சந்தித்து, பிரச்சினைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறை, நித்திரைப் பழக்கம், சீனி வருத்தம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்வது, அரச உதவிகளைப் பெறுவது ஆகியவற்றில் துணை நின்றார்கள். ஒரு வருடத்தில் அந்த 91 பேரில் 4 பேருக்கு முழு மனச்சோர்வு வந்தது. மற்ற 90 பேரில் 13 பேருக்கு வந்தது. சிறிய ஆய்வு, அதுவும் வராமல் தடுப்பதைப் பற்றியது, வந்தவரைச் சுகப்படுத்துவதை அல்ல. ஆனாலும் எங்கள் ஊர்களுக்கு இது பெரிய செய்தி என்று நினைக்கிறேன். நிபுணர் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? மனம் வந்தால் எழும்பிப் போவார் என்று காத்திருந்தால் மனம் வராது. முதலில் போகவேண்டும், மனம் பின்னால் வரும். அதற்காகக் கோணேசர் கோயில் மலை ஏறச் சொல்லாதீர்கள். முதல் கிழமை படலை வரை. அடுத்த கிழமை கடற்கரையில் வலை இழுக்கும் இடம் வரை, வெயிலுக்கு முன்பு, யாராவது கூடப் போய். அவர் முன்பு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வருவார் என்று எழுதியிருந்தீர்கள். அது மூன்றாவது மாதத்துக்கு இருக்கட்டும். கோயிலில் நூல் கட்டுவதையும் பள்ளியில் ஓதுவதையும் நான் ஒருபோதும் தடுத்ததில்லை, குளிசையை நிறுத்தச் சொல்லாதவரை. நீங்கள் தொலைபேசியில் எடுக்கும்போது "சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். அம்மா நண்டுக்கறிக்கு என்ன போடுவா, துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்ன நடந்தது. அம்மாவின் பெயரைத் தவிர்க்காதீர்கள். அழுதால் அழட்டும், போனை வைத்துவிடாதீர்கள்.

எழுதக் கை கூசும் ஒன்றும் இருக்கிறது. உலகின் பெரும்பாலான இடங்களில் தற்கொலை வீதம் அதிகமாக இருப்பது முதியவர்களில், அதிலும் தனித்துப்போன ஆண்களில். "இனி எனக்கென்ன" என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நேரடியாகக் கேளுங்கள்: "அப்பா, செத்துப்போகலாம் என்று யோசினை வருகிறதா?" கேட்டால் எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆம் என்றால், அதிலும் எப்படி என்று யோசித்து வைத்திருந்தால், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகவேண்டும், தனியே விடக்கூடாது. இப்போதைக்கே குளிசைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்துகளையும் மாமி தன் பொறுப்பில் பூட்டி வைக்கட்டும். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச்சேவை 24 மணிநேரமும் இருக்கிறது.

கனடா பற்றி. நிலை நன்றாகத் தாழ்ந்திருக்கும்போது பெரிய முடிவுகள் எடுக்காதிருப்பது நல்லது என்பது என் அனுபவம், ஆய்வு முடிவு அல்ல. பிள்ளைகளின் பக்கத்தில் போய்த் தேறியவர்களையும் கண்டிருக்கிறேன். பனிக்குள், மொழி தெரியாமல், பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் இருந்து கூடுதலாக ஒடுங்கித் திரும்பி வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். முதலில் இங்கே வைத்தியம் தொடங்கி 3 மாதம் பாருங்கள். தேறிய பிறகு அவரிடமே கேளுங்கள். முடிந்தால் அதற்கிடையில் நீங்கள் இரண்டு கிழமை வந்து நில்லுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. "விசர் டொக்டரிடம் வரமாட்டேன்" என்று அப்பா மறுத்தால், வயிற்றெரிவுக்கும் நித்திரைக்கும் காட்டுவோம் என்று சொல்லி முதலில் ஓபிடியிலோ அவருக்குப் பழக்கமான வைத்தியரிடமோ கூட்டிப்போகலாம். பொய் இல்லை, அவை இரண்டும் உண்மையான முறைப்பாடுகள். போகுமுன் மாமியிடம் சொல்லி ஒரு தாளில் எழுதுவியுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு எழும்புகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், என்னென்ன சொல்கிறார். வைத்தியருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அந்தத் தாள் பெரிய உதவி. அப்புறம், அந்த மாமி 14 மாதமாகத் தனியாக ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. அடுத்த முறை எடுக்கும்போது அவவுக்கு நித்திரை எப்படி என்றும் கேளுங்கள்.